ஓன்சேக்கு வந்த ஒரூரோக்காரர்கள்

எங்கள் மலைநாட்டு ஊரான ஒரூரோவின் பேருந்து நிலையத்தில் ஃபெர்மினா அயாவிரியைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் ஊருக்குப் புதியவராக இருக்க வேண்டும், இல்லை காது மந்தமாக இருக்க வேண்டும். பதினாறு வயதில் அந்த நிலையத்துக்குள் நுழைந்தவள். பேருந்து முதலாளி தோன் கசியானோவின் டிக்கெட் கவுன்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, "அரீக்கா! அரீக்கா! அரீக்காஆஆ! ஏறுங்க, ஏறுங்க, இதோ கிளம்புது!" என்று கூவுவதுதான் வேலை. பேருந்து அப்போதைக்குக் கிளம்பாது, அது வேறு விஷயம். அவள் கூவுகிற கூவலில், லா பாஸுக்குப் போக வந்தவன்கூட ஒரு கணம் மனம் மாறி அரீக்கா பேருந்தின் படியில் காலை வைத்துவிடுவான்.

வேடிக்கை என்னவென்றால், மலையிறங்கி எல்லை தாண்டி சிலே நாட்டுக் கடற்கரையில் கிடக்கும் அந்த அரீக்காவை அவள் பார்த்ததே கிடையாது. வாய் தினமும் போய் வந்த ஊருக்குக் கால் ஒருநாள்கூடப் போகவில்லை. தகரச் சுரங்கக் குடியிருப்பில் பிறந்தவள். அப்பா நுரையீரலில் தூசி சேர்ந்து சீக்கிரம் போய்விட்டார். கட்டிக்கொண்டவனோ அர்ஜென்டினாவுக்குத் தையல் வேலைக்குப் போகிறேன் என்று போனான், போனவன் போனவன்தான். அதைப் பற்றி அவளிடம் யாராவது இரக்கமாகப் பேச ஆரம்பித்தால், "டிக்கெட் வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டுவிடுவாள்.

ஆனால் அவளுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. அரீக்காவிலிருந்து திரும்பி இறங்குகிற ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தி விசாரிப்பாள். கடல் எப்படி இருந்தது? ஒருவன் உப்பு என்பான். ஒருத்தி குளிர் என்பாள். இன்னொருவன் அங்கே மலிவாக வாங்கிய டிவிப் பெட்டியைக் காட்டுவான்.

"சரி, யார் வீட்டுக்குப் போனீங்க?" என்று கேட்பாள் ஃபெர்மினா.

"வீட்டுக்கா? யாரைத் தெரியும் அங்க?"

"பின்ன என்னத்தைப் பாத்துட்டு வந்தீங்க? தண்ணியையா? அதை இங்க குழாயைத் திறந்தாலே பாக்கலாமே!"

இப்படித் திட்டுவதற்கு இவளுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். உரிமையெல்லாம் பார்த்துப் பேசுகிற ஆள் இல்லை அவள். பேருந்தைத் தவறவிட்டு விழிக்கிற வெளியூர்க்காரர்களை அவளே தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், ஊதாச் சோளக் கஞ்சியைச் சுடச்சுட ஊற்றிக் கொடுத்து, எங்கள் ஊர்த் திருவிழாவான கார்னிவலில் எந்த முகமூடி என்ன கதை சொல்கிறது என்று அளந்துவிட்டு அனுப்புவாள். அவர்கள் ஊருக்குப் போய் எங்கள் கார்னிவலை மறந்திருப்பார்கள், அந்தக் கஞ்சியை மறந்திருக்க மாட்டார்கள்.

இன்றைக்கு அவள் எங்கள் ஊர் ஆட்களைச் சிலே கடற்கரைக்கும், பெரு நாட்டு ஏரிக்கரைக்கும், அர்ஜென்டினாவின் வண்ண மலைக் கிராமங்களுக்கும் அழைத்துப் போகிற வழிகாட்டி. அவளோடு போனால் முதல் நாளே யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரிக்க வேண்டியிருக்கும். வெறுமனே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப முடியாது. முகம் சுளிப்பவர்கள் உண்டு. அப்படிச் சுளித்த பலரும் மறுவருடம் முதல் ஆளாய் வந்து நிற்பார்கள். இந்த வெங்காயக் கதை எப்படி ஆரம்பித்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒருநாள் ஃபெர்மினா நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"தோன் கசியானோ, ஒரு பஸ் குடுங்க. நம்ம ஊர் ஜனத்தை அரீக்கா கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வரேன்."

"தினம்தான் போகுதே பஸ்ஸு."

"அது ஆளை இறக்கி விடற பஸ்ஸு. நான் சொல்றது வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போற பஸ்ஸு."

"யார் வீட்டுக்குள்ள?"

"சிலேக்காரங்க வீட்டுக்குள்ள."

கசியானோ கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "கடலைத் திருடினவன் வீட்டுக்கு விருந்துக்குப் போகணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

போர் நடந்து எங்கள் கடற்கரையும், பெரு நாட்டின் கையிலிருந்த அரீக்காவும் சிலேயின் கைக்குப் போனது கொள்ளுத்தாத்தாக்கள் காலத்தில். கசியானோ பேசுவதைக் கேட்டால், போன வாரம் யாரோ சுவரேறிக் குதித்து அவருடைய கொல்லையிலிருந்து கொண்டுபோன மாதிரி இருக்கும். இழந்த கடலை நினைத்து மார்ச் மாதம் நடக்கும் கடல் நாள் ஊர்வலத்தில் கொடியோடு முன்னால் நடப்பவர் அவர்தான். அதே அரீக்காவுக்குப் பேருந்து விட்டுத்தானே வீடு கட்டினார் என்று கேட்கக் கூடாது. கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவரும் அரீக்காவைப் பார்த்ததில்லை. என் வீட்டுக்குள் நுழைய நான் எவனிடமும் அடையாள அட்டை காட்ட மாட்டேன் என்பது அவர் சபதம்.

அவர் மனைவி தோன்யா மெல்ச்சோரா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வட்டத் தொப்பி, அடுக்குப் பாவாடை, அவற்றைவிட அகலமான குரல்.

"குடுத்துத் தொலைங்க கிழவா. நானும் போறேன்."

"நீயா?"

"நான்தான். நீங்களும் வரீங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து கடல், கடல்னு என் காதுல கத்தறீங்க. அது உப்பா சப்பான்னு நாமளும் ஒருநாள் பாத்துடலாம்."

கசியானோ மனைவியிடம் தோற்ற கோபத்தை ஃபெர்மினாவிடம் காட்டினார். "ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. போயிட்டு வந்தவங்க வாயிலேருந்து ஒரு புகார் வந்தாலும் சரி, இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது. கவுன்டர்ல நின்னு கூவறதோட நிறுத்திக்கணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் ஃபெர்மினா. அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தலை நரைக்கும் வரை அந்தக் கூரைக்குக் கீழே நின்று பிறர் போகிற ஊரின் பெயரைக் கத்துவதா, இல்லை தானே அழைத்துப்போவதா என்பது இந்த ஒரு பயணத்தில் இருந்தது.

வீடு என்று சொன்னாளே, அது எலியானா கொர்வாச்சோவின் வீடு. அரீக்காவை ஒட்டிய அசாப்பா பள்ளத்தாக்கில் ஒலிவத் தோப்பு வைத்திருப்பவள் எலியானா. அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வழி வந்தவள். அந்தப் பள்ளத்தாக்கில் அவர்கள் நிறையப் பேர். மாதா மாதம் எங்கள் சந்தைக்கடைக்கு ஊறுகாய் ஒலிவக்காய் டின்களைப் பேருந்தில் போட்டு அனுப்புவாள். டின் வந்து சேர்ந்ததும் ஃபெர்மினா போன் செய்து சொல்வாள். டின்னைப் பற்றி ஒரு நிமிடம், மற்ற எல்லாவற்றையும் பற்றி அரை மணி நேரம். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"எலியானாக்கா, எங்க ஊர்க்காரங்க கொஞ்சம் பேரைக் கூட்டிட்டு வரலாமா? உங்க வீட்டைப் பாக்க?"

"கேக்கணுமா ராசாத்தி? சனிக்கிழமை ஓன்சேக்கு வந்துடுங்க. அத்தனை பேரும் வரணும். நான் ஜமாய்ச்சுடறேன்!"

இங்கேதான் வினை. ஓன்சே என்றால் ஸ்பானிஷில் பதினொன்று. எங்கள் நாட்டிலும் பதினொன்று, அவர்கள் நாட்டிலும் பதினொன்று. ஆனால் சிலேக்காரர்கள் பொழுது சாய்கிற நேரத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெண்ணெய்ப் பழமும் பரப்பி வைத்துக்கொண்டு டீ குடிக்கிறார்களே, அதற்கும் ஓன்சே என்றுதான் பெயர். சாயங்கால டீக்கு எதற்குப் பதினொன்று என்று பெயர் வைத்தார்கள் என்று அவர்களையே கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எலியானாவுக்கு அது பிறந்ததிலிருந்து தெரிந்த வார்த்தை, விளக்கத் தோன்றவில்லை. ஃபெர்மினாவுக்குப் பதினொன்று என்றால் பதினொன்று, கேட்கத் தோன்றவில்லை. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விருந்து, மத்தியானம் கடல், ஞாயிறு ஊருக்கு என்று கணக்குப் போட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பினார்கள். ஓட்டுநர் செனோபியோ, அந்தப் பாதையில் பல்லைக் கடித்துக்கொண்டு வருஷக்கணக்காய் ஓட்டுகிறவன். எல்லையில் கசியானோ அடையாள அட்டையைச் சுவரைப் பார்த்தபடி நீட்டினார். சிலேக்குள் பாலாடைக்கட்டி கொண்டுபோகக் கூடாது என்று அதிகாரி சொன்னதும், தோன்யா மெல்ச்சோரா மூட்டையிலிருந்த முழுக் கட்டியை எடுத்துத் தரையிலேயே உட்கார்ந்து வெட்டி, பேருந்திலிருந்த எல்லார் வாயிலும் திணித்தாள். "குப்பைத் தொட்டிக்குப் போறதுக்கு நான் ஆட்டுப்பால் காய்ச்சல! முழுங்குங்க எல்லாரும்!" அதிகாரிக்கும் ஒரு துண்டு நீட்டினாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அரீக்கா போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் காலையில் கடற்பனி மூடிக் கடல் கண்ணுக்கே தெரியவில்லை, வாசனை மட்டும் வந்தது. விருந்துக்குப் போகிறோமே என்று யாரும் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. பேருந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்குள் திரும்பியது.

"கடலைக் காட்டறேன்னு சொல்லிட்டு எதிர்ப்பக்கம் கூட்டிட்டுப் போற வழிகாட்டியை இப்பத்தான் பாக்கறேன்," என்றார் கசியானோ. சிலர் சிரித்தார்கள். ஃபெர்மினா சிரிக்கவில்லை.

சரியாகப் பதினொரு மணிக்கு அத்தனை பேரும் சலவை உடுப்பும் பசித்த வயிறுமாக எலியானா வீட்டு வாசலில் நின்றார்கள். கதவைத் திறந்த எலியானா தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளோடு, முழங்கை வரை மாவோடு, காலில் ஒற்றைச் செருப்போடு நின்றாள். அவள் முகத்தில் சந்தோஷமும் திகிலும் ஒன்றாக வந்தன.

"வந்துட்டீங்களா... அட, வாங்க, வாங்க! உக்காருங்க!"

முற்றத்து ஒலிவ மரங்களுக்குக் கீழே பெஞ்சும் பெட்டியுமாகக் கிடைத்ததில் உட்கார வைத்தாள். ஒரு கிண்ணம் ஒலிவக்காயும் ஒரு ஜாடி தண்ணீரும் வைத்தாள். உள்ளே ஓடினாள். அப்புறம் ஆளைக் காணவில்லை.

விருந்தாளியைப் பார்த்து ஏன் இத்தனை சீக்கிரம் வந்தீர்கள் என்று கேட்பது எலியானாவுக்கு வழக்கமில்லை. விருந்துக்குப் போன இடத்தில் சாப்பாடு எங்கே என்று கேட்பது எங்களுக்கு வழக்கமில்லை. ஆக, உள்ளே ஒருத்தி வேர்த்து விறுவிறுக்க ஓடினாள், வெளியே அத்தனை பேரும் ஒலிவக்கொட்டைகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வயிறு உறுமியது. பக்கத்தில் இருந்தவர் இருமி அதை மறைத்தார். அப்புறம் அவர் வயிறே உறுமியது.

கசியானோ உட்காரவே இல்லை. வாசல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, காத்திருந்தவர் போல ஆரம்பித்தார். "பாத்தீங்களா? வரச் சொல்லி உக்கார வெச்சு வேடிக்கை பாக்கறாங்க. இவங்க புத்தி தெரியாதா நமக்கு? ஏம்மா ஃபெர்மினா, போதும். பஸ்ஸை எடுக்கச் சொல்லு. கடலை எட்டிப் பாத்துட்டு ஊருக்குக் கிளம்பலாம். மனசுல வெச்சுக்கோ, இது புகார்."

ஃபெர்மினா அவர் பக்கம் திரும்பவில்லை. எழுந்து சமையலறைக்குள் போனாள்.

உள்ளே எலியானா மாவு மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வெள்ளைக் கோடு.

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆச்சா? அடுப்பே இன்னும் பத்த வைக்கல ராசாத்தி! மாவு இப்பத்தான் பிசையறேன். பாலாடைக்கட்டி சாயங்காலம்தான் வரும். ஓன்சேக்குத்தானே வரச் சொன்னேன்?"

"ஓன்சேக்குத்தான் வந்திருக்கோம். மணி பதினொண்ணு அடிச்சுதே!"

"பதினொண்ணா? எந்தப் பதினொண்ணு?" எலியானா அவளைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிப் பாவிப் பெண்ணே! ஓன்சேன்னா சாயங்கால டீடி!"

ஃபெர்மினா சுவரைப் பிடித்துக்கொண்டாள். எலியானாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, இவளுக்கு அழுகை. சிரித்த எலியானா இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

தண்ணீர் கேட்டு வந்த செனோபியோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தான். நல்லவன்தான், ஆனால் எல்லா வளைவுக்கும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பான். "இதுக்கு ஏன் இப்படி இடிஞ்சு போற? அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லு. எல்லாரையும் சந்தைக்குக் கூட்டிட்டுப் போய்ச் சோத்தைப் போடுவோம், கடலைக் காட்டுவோம். உன் தப்புன்னு முதலாளிக்குத் தெரியவே தெரியாது."

உண்மையைச் சொல்கிறேன், ஃபெர்மினா தயங்கினாள். ஒரு பொய். அதுவும் சின்னப் பொய். அதைச் சொல்லிவிட்டால் பேருந்து அவளுக்கு. ஆனால் முற்றத்தில் இருக்கிறவர்கள் ஊருக்குப் போய் என்ன சொல்வார்கள்? சிலேக்காரி கூப்பிட்டாள், போனோம், உடம்பு சரியில்லை என்று கதவைச் சாத்திவிட்டாள். கசியானோ அதை மார்ச் மாதம் கொடியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடப்பார். எலியானா பேர் அந்த ஊர்வலத்தில் நாறும்.

முற்றத்துக்கு வந்தாள். பேருந்து நிலையத்தில் கேட்கும் அந்தத் தொண்டை அன்று பாதிதான் எழுந்தது.

"எல்லாரும் கேளுங்க. தப்பு என்னோடது. இந்த ஊர்ல ஓன்சேன்னா சாயங்கால டீயாம். எனக்குத் தெரியல, கேக்கவும் இல்ல. எலியானாக்கா நம்மளைச் சாயங்காலம்தான் வரச் சொல்லியிருக்காங்க. நாமதான் பொழுதோட வந்து அவங்க கழுத்துல உக்காந்துட்டோம். அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

கசியானோவின் கண்கள் ஜெயித்துவிட்ட களிப்பில் பளபளத்தன.

அப்போது ஒரு சிரிப்பு வெடித்தது. தோன்யா மெல்ச்சோரா. தொப்பி சரிய, பெஞ்சு ஆட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சாயங்கால டீக்குக் காலையிலயே வந்து வட்டம் கட்டி உக்காந்த ஜனம் உலகத்துலயே நாமதான்! அந்தம்மா என்ன நினைச்சிருப்பாங்க? ஒரூரோவுல பஞ்சம் போலன்னு நினைச்சிருப்பாங்க!" சொல்லிக்கொண்டே எழுந்தாள். பாவாடையை இழுத்துச் செருகினாள். "என்னங்கடி பாத்துட்டு உக்காந்திருக்கீங்க? மாவு பிசையத் தெரியாதா உங்களுக்கு? எழுந்திருங்க!"

அவ்வளவுதான். சமையலறை எங்கள் பெண்களால் நிறைந்தது. வெங்காயக் கூடை மடியிலிருந்து மடிக்குத் தாவியது. எலியானா கொழுப்புப் போட்டுப் பிசைவாள், மெல்ச்சோரா சுடுதண்ணீர் விட்டுப் பிசைவாள். எது சரி என்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். கொல்லையில் ஒரு பழைய அம்மியைக் கண்டதும் மெல்ச்சோரா விடவில்லை; மிளகாயும் தக்காளியும் வைத்து எங்கள் காரத் துவையலை அரைத்து எலியானாவின் நாக்கில் தடவினாள். எலியானா கத்திய கத்தலில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். வந்தவர்களையும் உட்கார வைத்து உரிக்கச் சொன்னார்கள். மதியப் பசிக்கு எல்லாருக்கும் அந்தத் துவையலும் வெந்த உருளைக்கிழங்கும்.

கசியானோ மட்டும் வாசல் கம்பத்தை விடவில்லை. சிலேக்காரி வீட்டு உருளைக்கிழங்கு தொண்டையில் இறங்காது என்று ஃபெர்மினாவிடம் சொல்லி அனுப்பினார். எலியானாவே வெளியில் வந்தாள். தலையில் இன்னும் உருளைகள். கையில் கோடாலி.

"ஐயா, நீங்க கம்பத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டாம், அது தானா நிக்கும். மண் அடுப்புக்கு விறகு பத்தாது. இதைக் கொஞ்சம் பிளந்து குடுங்களேன்."

கோடாலியைத் தராமல் தட்டை நீட்டியிருந்தால் அவர் வாங்கியிருக்கவே மாட்டார். எங்கள் மேட்டு நிலத்தில் அய்னி என்று ஒன்று உண்டு. இன்று உன் வேலைக்கு என் கை, நாளை என் வேலைக்கு உன் கை. கை கொடுத்த வீட்டில் சாப்பிட்டால் அது பிச்சையில்லை, முறை. கசியானோ கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினார். பொழுதெல்லாம் பிளந்தார். கடல் மட்டத்தில் மூச்சு மலிவு, காற்று குறைந்த உயரத்தில் பழகிய எங்கள் ஊர் நுரையீரலுக்கு அங்கே களைப்பே தெரிவதில்லை. கேட்டதைவிட இரண்டு மடங்கு பிளந்து அடுக்கிவிட்டு, யாரும் சொல்லாமலே கை கழுவி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மெல்ச்சோரா பார்த்தும் பாராதவள் போல இருந்தாள்.

வெயில் சாய்ந்தபோது உண்மையான ஓன்சே நடந்தது. அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி, வெண்ணெய்ப் பழம், மெல்ச்சோரா பொரித்துத் தள்ளிய பாலாடைக்கட்டிப் பணியாரம், கெட்டில் கெட்டிலாக டீ. எல்லாரும் ஒரே நீள மேசையில். இரண்டாவது கோப்பையில் கசியானோவுக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது.

"ரொட்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இந்தக் கடல் எங்களோடது."

ஃபெர்மினா அவசரமாகக் கெட்டிலை எடுத்து அவர் கோப்பையை நிரப்பப் போனாள். எலியானா அவசரப்படவில்லை. இன்னொரு ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவி அவர் தட்டில் வைத்தாள்.

"என் கொள்ளுத்தாத்தா பெரு நாட்டுல பிறந்தாரு, ஐயா. சிலே நாட்டுல செத்தாரு. பிறந்ததும் செத்ததும் இதே வீட்டுல, ஒரே கட்டில்ல. கட்டிலு ஒரு இம்மி நகரல, நாடுதான் நகந்து போச்சு. அவர்கிட்ட யாரும் கேக்கல. உங்க கொள்ளுத்தாத்தாகிட்டயும் கேட்டிருக்க மாட்டாங்க."

கசியானோ எதிரில் இருந்தவளை அப்போதுதான் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். பிறகு ரொட்டியைக் கடித்தார்.

பேசிச் சிரித்து எழுவதற்குள் பொழுது விழுந்துவிட்டது. ஃபெர்மினா பதறிப் போய் எல்லாரையும் பேருந்தில் ஏற்றினாள். எலியானாவும் கூடவே ஏறிக்கொண்டாள். கடற்கரைக்குப் போய் நின்றால் கும்மிருட்டு. அலை வந்து உடைகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அப்புறம் சத்தம், வேறொன்றும் இல்லை. மெல்ச்சோரா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி அலறினாள். எல்லாரும் இறங்கினார்கள். கசியானோ ஷூவைக் கழற்றாமலே போய் முழங்கால் வரை நின்றார். விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டார். அவர் பக்கத்தில் யாரும் போகவில்லை.

ஃபெர்மினா மணலில் உட்கார்ந்துவிட்டாள். கடலைக் காட்டுகிறேன் என்று அழைத்து வந்து இருட்டைக் காட்டியிருக்கிறோம், இதைவிடப் பெரிய புகார் என்ன வேண்டும் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள்; வழி முழுக்கக் கசியானோ ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். மெல்ச்சோரா நீட்டிய ரொட்டியை வாங்கிக்கொண்டார். பனி மலைகள் வந்தன, ஏரி வந்தது, எல்லை வந்தது. அடையாள அட்டையை இந்த முறை அதிகாரியின் முகத்தைப் பார்த்து நீட்டினார் என்று செனோபியோ சத்தியம் செய்கிறான். ஃபெர்மினா அதைக் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலை கவுன்டருக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

ஒரூரோவில் இறங்கியதும் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கடல் எப்படி, கடல் எப்படி என்று கேட்டார்கள். யாரும் கடலைப் பற்றிப் பேசவில்லை. ஒருத்தி எலியானாவின் முடி உருளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவர் நகராத கட்டிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தடிக்கு நடுவில் கசியானோ வந்து ஃபெர்மினாவின் முன்னால் நின்றார்.

"ஃபெர்மினா, ஒரு புகார் இருக்கு."

பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையைக் கீழே வைத்தாள். "சொல்லுங்க."

"இத்தனை பேர் போய் ஒரு பொம்பளை வீட்டு மாவு மூட்டையைக் காலி பண்ணிட்டு வந்திருக்கோம்."

"ஆமாங்க."

"கிளம்பும்போது, எங்க ஊருக்கும் வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். கட்டிப் பிடித்தாள், அழுதாள், ஆயிரம் நன்றி சொன்னாள். அதைச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அவர்கள் இங்கே வருவார்கள் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை.

"சொல்லல," என்றாள்.

"நானும் சொல்லல. வாய் வரைக்கும் வந்துச்சு, கௌரவம் பிடிச்சு இழுத்துடுச்சு. வழியெல்லாம் அதுதான் நெஞ்சை அறுத்துட்டு இருந்துச்சு. அய்னியைப் பாதியில விட்டுட்டு வர்றதா? வழிகாட்டின்னா போறதுக்கு மட்டும்தான் வழி காட்டுவியா? அவங்க இங்க வர்றதுக்கு யார் காட்டுவா, எங்கப்பனா?"

ஃபெர்மினா அவரையே பார்த்தாள். அவர் சொன்னது அவளுக்கு உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது.

"கார்னிவலுக்குக் கூட்டிட்டு வா. அந்தம்மா, அக்கம்பக்கத்துக்காரங்க, எல்லாரையும். பஸ்ஸு ரெண்டு பக்கமும் நிறைஞ்சு ஓடணும். நாளையிலேருந்து கவுன்டர் பக்கம் வராதே, கூவறதுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஃபெர்மினா அங்கேயே பேருந்தின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, வெட்கமில்லாமல் ஓவென்று அழுதாள். கசியானோவுக்கு அழுகிற பெண்கள் முன்னால் நிற்கத் தெரியாது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு, ஈரம் காயாத ஷூ கீச்சிட, வாசலைப் பார்த்து நடந்தார். மெல்ச்சோரா பின்னால் ஓடினாள்.

"எங்க தங்க வைப்பீங்களாம் அவ்வளவு பேரை?"

"மத்தவங்களுக்கு எங்கயாவது பாக்கலாம். எலியானா நம்ம வீட்டுலதான்." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அவர் குரல் கேட்டது. "நம்ம உசரத்துக்கு அதுக்கு மூச்சு முட்டும், கிழவி. மாடி அறை வேண்டாம். அடுப்பங்கரைக்குப் பக்கத்து அறையை ஒழிச்சு வை."